மேச்சன் கல்லறையில் வாசித்த மூன்று கிரேக்கச் சொற்கள்

பிலடெல்பியாவில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், பால்டிமோர் வந்துவிடும். போன அக்டோபரில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அங்கே ஒரு கல்லறையைப் பார்க்கப் போனேன். நம் புராட்டஸ்டன்ட் சபைகளில் புனித யாத்திரை என்று ஒன்று கிடையாது, இறந்தவர்களிடம் போய் ஜெபிக்கிற வழக்கமும் கிடையாது, அதனால் கிளம்பும்போது மனதில் ஒரு தயக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அங்கே அடக்கமாகியிருக்கும் அமெரிக்க வேத அறிஞர் ஜெ. கிரஷாம் மேச்சனுக்கு நான் பட்ட கடன் பெரியது.

ஊரில் மாலை நேர வேதபாட வகுப்பில் எனக்குப் புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் கற்றுத்தந்தது அவர் 1923இல் எழுதிய இலக்கணப் புத்தகம்தான். ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஜெராக்ஸ் பிரதி. பஸ்ஸில் நின்றுகொண்டே வினைச்சொற்களை முணுமுணுத்து மனப்பாடம் செய்திருக்கிறேன். அதே வருஷம் வந்த அவருடைய இன்னொரு புத்தகம் ‘கிறிஸ்தவமும் லிபரலிசமும்’. கன்னிப்பிறப்பையும் உயிர்த்தெழுதலையும் வெறும் உருவகமாக்கிவிட்டால் மிஞ்சுவது கிறிஸ்தவத்தின் இன்னொரு வகை அல்ல, அது வேறொரு மதம் என்று அதில் நேராகவே சொன்னார். சொன்னவர் சந்தேகமே படாதவர் இல்லை. 1905இல் ஜெர்மனியில் மார்பர்க் நகருக்குப் படிக்கப் போனபோது, லிபரல் பேராசிரியர் ஹெர்மானின் பக்தி வைராக்கியத்தைப் பார்த்து ஆடிப்போய் வீட்டுக்குக் கடிதம் எழுதியவர், பல வருஷம் உள்ளுக்குள் போராடித்தான் கரையேறினார். அதனால்தான் அவரை நான் நம்புகிறேன்.

கிரீன் மவுண்ட் கல்லறைத் தோட்டம் சுற்றிலும் உயரமான மதில் கட்டிய இடம். லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் இங்கேதான் கிடக்கிறான், அங்கே வருகிறவர்கள் லிங்கன் தலை போட்ட செப்புக்காசுகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். மேச்சன் படித்த பல்கலைக்கழகத்தைத் தன் சொத்தால் உண்டாக்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸும் இங்கேதான். மேச்சன் பெயரைச் சொன்னதும் வாசலில் இருந்த கறுப்பினப் பெரியவர் ஒருவர் கூடவே நடந்து வந்து இடத்தைக் காட்டினார்.

பெயர், வருஷங்கள், அப்புறம் மூன்று கிரேக்கச் சொற்கள், அவ்வளவுதான். ‘பிஸ்டோஸ் அக்ரி தனாட்டூ’. வட்டத்துக்குள் கோடு போட்ட அந்தத் தீட்டா எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன், குழிக்குள் ஈரமண் படிந்திருந்தது. இதை வாசிக்கச் சொல்லித்தந்தவரின் கல்லிலேயே வாசிக்கிறேன் என்று நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. என்ன எழுதியிருக்கிறது என்று பெரியவர் கேட்டார், வெளிப்படுத்தல் 2:10 என்றேன். “மரணபரியந்தம் உண்மையாயிரு.” ஆமென் என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

அவர் போன பிறகு ஒரு விஷயம் மனதைக் குத்தியது, அதை மறைக்க மாட்டேன். 1913இல் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி விடுதியில் ஒரு கறுப்பின மாணவரைத் தங்க வைத்ததை எதிர்த்து மேச்சன் தன் தாய்க்குக் கோபமாக எழுதியிருக்கிறார். அனுமதி கொடுத்தவர் அவர் பெரிதும் மதித்த, அதே கல்லூரியின் மூத்த பேராசிரியர் வார்ஃபீல்ட். வார்ஃபீல்ட் செய்ததுதான் சரி, மேச்சன் எழுதியது பாவம். சாதி பார்த்துக் கல்லறைத் தோட்டத்தையே பிரித்து வைத்த சபைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், இதை லேசாகக் கடந்துபோக என்னால் முடியாது.

மற்றபடி அவர் கொடுத்த விலை அதிகம். 1929இல், தான் பாடம் நடத்திவந்த பிரின்ஸ்டனை விட்டு வெளியேறி பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் கல்லூரியைத் தொடங்கினார். 1933இல் தனி மிஷனெரி வாரியம் அமைத்ததற்காக அவருடைய பிரஸ்பிட்டேரியன் சபை அவரை விசாரித்தது, அவர் உபதேசக் காரணங்களை எடுத்துச் சொல்லக்கூட இடம் கொடுக்காமல் ஊழியத்திலிருந்து நிறுத்தி வைத்தது. 1936 ஜூனில் அவர் தலைமையில் புதிய சபை பிறந்தது. அந்த டிசம்பரிலேயே, உடம்பு முடியாத நிலையிலும், வடக்கு டகோட்டாவின் சின்னச் சின்ன சபைகளைத் திடப்படுத்தக் கடுங்குளிரில் போனார். நிமோனியா வந்தது. 1937 ஜனவரி 1 அன்று பிஸ்மார்க் நகர ஆஸ்பத்திரியில் இறந்தபோது வயது 55.

சாவதற்கு முன் சக பேராசிரியர் ஜான் மரேக்கு ஒரு தந்தி அனுப்பச் சொன்னார். கிறிஸ்துவின் கீழ்ப்படிதலுக்காக நன்றி, அது இல்லாமல் நம்பிக்கையே இல்லை என்று அதில் இருந்தது. அவர் சொன்னது சிலுவையில் பட்ட பாடுகளை மட்டும் அல்ல. நாம் கைக்கொள்ளாத நியாயப்பிரமாணத்தை ஆண்டவர் நமக்காக முழுசாகக் கைக்கொண்டு வாழ்ந்தாரே, அந்த வாழ்க்கை நம் கணக்கில் சேர்கிறது என்பதை.

என் அப்பா கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், “ஆண்டவருக்கு ஒண்ணுமே செய்யலையேப்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது எனக்கு இந்தத் தந்தி தெரியாது. நீங்க எவ்வளவோ செஞ்சிருக்கீங்கப்பா என்று தேற்றினேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிளம்புமுன் கல்லுக்கு முன்னால் நின்று, ரோமர் 5:19ஐத் தமிழில் சத்தமாக வாசித்தேன். “ஒருவருடைய கீழ்ப்படிதலினாலே அநேகர் நீதிமான்களாக்கப்படுவார்கள்.” அப்பாவுக்கு வாசித்த மாதிரி.