குண்டு மெதுவாக ஓடணும்: கம்பிப் பாதை வேலை, பாதி முடிந்தது

இரட்டைக் கம்பிப் பாதையில் இரும்புக் குண்டு தானாக உருண்டு இறங்கும் குண்டோட்டச் சிற்பம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். குண்டை மேலே தூக்கிவிடும் ஏற்றுச் சக்கரமும் மேல்பாதிப் பாதையும் முடிந்துவிட்டன. மோட்டாரைப் போட்டால் 16 மி.மீ. பேரிங் குண்டு மேலே ஏறி, சுருளில் சுற்றி, நீண்ட வளைவுகளில் இறங்கி, பாதிவழியில் வைத்திருக்கும் டப்பாவில் விழுகிறது. கீழ்பாதி இனிமேல்தான்.

அடிப்பலகை ஒரு பழைய கேரம் போர்டு. எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் கேரம் கிளப்புக்குப் பஞ்சமில்லை. மேல்பரப்பு தேய்ந்து ஆட்டத்துக்கு உதவாத போர்டைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். தவறி விழும் குண்டு சுற்றுச்சட்டத்தில் முட்டி நின்றுவிடும், மோட்டார் ஒயரை ஒரு மூலைக்குழி வழியாகக் கீழே இறக்கிவிடலாம். ஏற்றுச் சக்கரத்துக்கு 28 இஞ்ச் சைக்கிள் ரிம்.

பாதைக்குச் செம்புப் பூச்சு போட்ட கேஸ் வெல்டிங் ராடு, 3.15 மி.மீ. தடிமன். மண்ணடியில் கேட்டால் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாகக் கிடைக்கும். பூச்சு இருப்பதால் ஈயம் நன்றாகப் பிடிக்கிறது. ஆர்கான் வெல்டிங்குக்கு ஆள் தேடவேண்டாம், சின்ன கேஸ் டார்ச் போதும். ஒரு இணைப்பைச் சுடும்போது பக்கத்து இணைப்பு இளகிக் கழன்றுவிடும் என்பதால் அதன் மேல் ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த மாதிரிச் சிற்பம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது ‘லூப்’, அதாவது குண்டு தலைகீழாகப் போய்வரும் செங்குத்து வட்டம். நான் வைக்கவில்லை. 6 செ.மீ. ஆரமுள்ள லூப்பைக் குண்டு விழாமல் தாண்ட, கணக்குப்படி பார்த்தாலே அதன் அடியிலிருந்து 16 செ.மீ.க்கு மேல் உயரம் வேண்டும். உராய்வையும் சேர்த்தால் 20ஐத் தாண்டும். எனக்குக் கிடைக்கும் மொத்த உயரமே 55 செ.மீ. அரை நொடிக் காட்சிக்கு அதில் இவ்வளவு கொடுக்க மனசு வரவில்லை. அதே 20 செ.மீ.யை மீட்டருக்கு 5 செ.மீ. சரிவாகப் பிரித்தால் நாலு மீட்டர் பாதை கிடைக்கும். குண்டு போகிற வழியெல்லாம் கண்ணும் கூடவே போகும். எனக்கு அதுதான் இந்தக் கலையின் சுகம்.

சரிவு குறைந்தால் மட்டும் வேகம் அடங்காது. கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியிலும் விஷயம் இருக்கிறது. இரண்டு கம்பிக்கும் மையத்துக்கு மையம் 10 மி.மீ. இருந்தால், குண்டின் இயக்க ஆற்றலில் சுமார் 65 சதவீதம் முன்னோக்கி ஓடுவதற்குப் போகிறது, மிச்சம் சுழற்சிக்கு. அதையே 16 மி.மீ. ஆக்கினால் குண்டு கம்பிகளுக்கிடையில் கொஞ்சம் அமிழ்ந்து உட்காரும். அப்போது தன்னைத்தானே அதிகம் சுற்றினால்தான் அதே தூரம் நகர முடியும். முன்னோக்கிய பங்கு 43 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதனால் வளைவுக்கு முன்னால் கம்பிகளை மெல்ல அகட்டிவிடுகிறேன். குண்டின் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்: அகன்ற இடத்தில் ஓட்டம் தளர்ந்து சுழற்சி மட்டும் கூடுவது கண்ணுக்கே தெரியும்.

ஆனால் அகலப் பாதையில் குண்டின் அடிப்பாகம் கம்பிகளுக்குக் கீழே எட்டிப்பார்க்கும். இரண்டு கம்பிகளையும் அடியில் இணைக்க நேரான குறுக்குக் கம்பி வைத்தால் குண்டு அதில் ‘டக்’ என்று இடித்து நின்றுவிடும். அங்கே மட்டும் குறுக்குக் கம்பியை ‘ப’வைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்தது போல வளைத்து, அதன் இரு முனைகளிலும் பாதைக் கம்பிகளை உட்காரவைத்துப் பற்றவைத்தேன்.

வளைவுகளைப் பார்த்துவிட்டு, ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ரிட்டயரான பக்கத்து வீட்டு மாமா, “இன்னா தம்பி, கேன்ட் குடுத்தியா? வெளிக்கம்பிய தூக்காம வண்டி எப்படி நிக்கும்?” என்றார். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்திச் சாய்வு கொடுப்பதைத்தான் ‘கேன்ட்’ என்கிறார். அவர் சொன்னது அப்படியே இங்கும் பொருந்தும். நொடிக்கு 40 செ.மீ. வேகத்தில் வரும் குண்டுக்கு 9 செ.மீ. ஆரமுள்ள வளைவில் சுமார் 10 டிகிரி சாய்வு வேண்டும். கம்பி இடைவெளி 10 மி.மீ. என்றால் வெளிக்கம்பி ஏறக்குறைய 2 மி.மீ. உயர்ந்தால் போதும். இப்போது மாமா தினமும் சாயந்திரம் வந்து ஒவ்வொரு வளைவையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

மோட்டார் 12 வோல்ட், நிமிஷத்துக்கு மூன்று சுற்று, ரிச்சி தெருவில் வாங்கியது. ரிம்மில் நாலு கிண்ணம், ஆக ஐந்து நொடிக்கு ஒரு குண்டு. முழுப்பாதையும் 30 நொடி ஓடினால் எப்போதும் ஆறு குண்டுகள் பாதையில் இருக்கும்.

அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் ரோட்ஸ் 1983இல் நியூயார்க்கின் போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையத்தில் இப்படி ஒரு பெரிய குண்டோட்டச் சிற்பத்தை வைத்தார். அவசரமாகப் போகிறவர்கள் நடமாடும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நம் மின்ட் பஸ் ஸ்டாண்டிலும் ஒன்று நிற்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கடல் காற்று இங்கே பெரிய தொல்லை. சாதாரண பேரிங் குண்டில் சீக்கிரமே துருப்புள்ளி வந்துவிடும், பாதையும் சொரசொரப்பாகிவிடும். குண்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றப்போகிறேன். கம்பிகளுக்குக் குண்டு படாத பக்கங்களில் மட்டும் வார்னிஷ் அடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்து கீழ்பாதிக்கு ஒரு கவிழும் கிண்ணம், தராசு போல நடுவில் அச்சுள்ள தண்டின் ஒரு முனையில். குண்டு ஒன்று 16, 17 கிராம். மறுமுனையில் அச்சிலிருந்து அதே தூரத்தில் 42 கிராம் அளவுக்கு நட்டு கட்டினால் இரண்டு குண்டுக்கு அசையாது, மூன்றாவது விழுந்ததும் சாய்ந்து கொட்டிவிட்டுத் தானாக நிமிரும். கிண்ணத்தின் சொந்த எடையைத் தனியாகச் சமன் செய்துகொள்ள வேண்டும். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக் எடுத்து வைத்தாயிற்று. அப்புறம் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம், அதைப் பாரிமுனைப் பக்கம் பாத்திரக் கடைகளில் தேட வேண்டும்.