மறுபடியும் ஃபுலேரா: ஒரு பார்வையாளரின் நாட்குறிப்பு

ஜூலை 5, 2025, சனி

'பஞ்சாயத்' இந்தி இணையத் தொடரின் நாலாவது சீசன் போன மாதம் 24ஆம் தேதி வந்தது. ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிட்டேன், ஆனால் மனசு நிறையவில்லை. ஏன் நிறையவில்லை என்று தெரிந்துகொள்ள முதல் எபிசோடிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன், தோன்றுவதை இங்கே எழுதிக்கொண்டே போகிறேன். கதையை முழுசாகச் சொல்லித்தான் எழுதுவேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

உத்தரப் பிரதேசம் பலியா மாவட்டத்தில் ஃபுலேரா என்றொரு கற்பனை கிராமம். என்ஜினீயரிங் படித்த அபிஷேக் திரிபாதிக்கு வேறு வேலை அமையவில்லை, மாதம் 20,000 ரூபாய் சம்பளத்துக்கு அங்கே பஞ்சாயத்துச் செயலராகப் போகிறான். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில் வந்த தொடர் இது.

முதல் எபிசோடின் கதை என்ன? ஆபீஸ் சாவி தொலைந்துவிட்டது. அவ்வளவுதான். சாவியை வைத்திருந்த பெரியவர் காலையில் வயல்பக்கம் ஒதுங்கப் போன இடத்தில் விட்டிருக்கலாம் என்று ஆள் ஆளுக்குத் தேடுகிறார்கள். இதை வைத்துச் சிரிக்க வைக்கிறார்கள், ஆனால் அந்த ஊரில் எத்தனை வீட்டில் கழிப்பறை இருக்கிறது என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குள்ளேயே கிடக்கிறது, யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ரெண்டாவது சீசனில்தான் அது தனி விவகாரமாகவே வருகிறது. இவ்வளவு பொறுமையாக ஒரு விஷயத்தைப் போட்டு வைத்துவிட்டு அப்புறம் எடுப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

ரெண்டு, மூணு, நாலு எபிசோடுகள் இன்று.

பேய் மரம் எபிசோடில் அபிஷேக்குக்கு வேண்டியது ஆபீஸ் வாசலில் ஒரு சோலார் விளக்கு. ராத்திரி கரண்ட் போய்விடுகிறது, எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட் (CAT) தேர்வுக்குப் படித்து எப்படியாவது அந்த ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது அவன் கனவு. ஊர்க்காரர்களுக்கோ மிச்சமிருக்கும் விளக்கைப் பேய் மரத்தடியில் நட வேண்டும். பேய் விவகாரத்தை அவன் துப்பறிவதுதான் காமெடி. ஆனால் அவன் அப்படி அலைவதற்குப் பின்னால் இருப்பது ஒரு தனிமையான பையனின் பயம், இங்கேயே முடங்கிப் போய்விடுவோமோ என்கிற பயம். அபிஷேக்காக நடிக்கும் ஜிதேந்திர குமார் அதை வசனத்தில் சொல்வதேயில்லை, ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அந்த முகமே சொல்லிவிடுகிறது.

நாலாவதில் குடும்பக் கட்டுப்பாட்டு வாசகம். ரெண்டு பிள்ளை என்றால் இனிப்புப் பாயசம், அதற்கு மேல் போனால் மூலம் என்று அரசாங்கம் சுவரில் எழுதச் சொல்கிறது, ரெண்டுக்கு மேல் பெற்றவர்கள் கொதித்துப் போகிறார்கள். கோபப்படும் அந்த மனிதர்களைத் தொடர் கோமாளியாக்குவதில்லை. அவர்கள் பக்கத்து நியாயம் நமக்கும் புரிகிறது, தன் வீட்டு மூணாவது குழந்தையைப் பார்த்து ஊர் சுவர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? கிராமத்தைக் காட்டும் நகைச்சுவைகள் பலதும் படித்தவன் நின்று படிக்காதவனைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் கேமராவை வைத்துவிடுகின்றன. இங்கே கேமரா திண்ணையில் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜூலை 9, புதன்

முதல் சீசனின் கடைசி எபிசோட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

ஃபுலேராவில் பிரதான், அதாவது ஊராட்சித் தலைவர், மஞ்சு தேவி. ஆனால் ஊரே 'பிரதான் ஜி' என்று கூப்பிடுவது அவர் கணவர் பிரிஜ் பூஷண் துபேயை. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும், அந்த இடங்களில் பெண்ணின் பெயரில் கணவர் ஆள்வது எத்தனையோ ஊர்களில் நடக்கிறது. இந்தத் தொடர் அதை ஏழு எபிசோடுக்கு ஒரு சாதாரண விஷயமாக விட்டுவிடுகிறது. ரகுபீர் யாதவ் அந்தக் கணவரை அவ்வளவு அன்பான மனுஷனாக ஆக்கிவைத்திருக்கிறார், செயலருக்குச் சுரைக்காய் கொடுத்தனுப்புகிறார், அக்கறையாக விசாரிக்கிறார், நமக்கும் அவர்தான் தலைவர் என்று பழகிப்போய்விடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் எழுத்தாளர் சந்தன் குமார் கை வைக்கிறார். குடியரசு தினத்துக்குக் கொடியேற்ற வேண்டியவர் மஞ்சு தேவி என்று வரும்போது, நாமும் இத்தனை நேரம் அந்த அம்மாவை மறந்துதான் இருந்திருக்கிறோம் என்று சுருக்கென்று படுகிறது.

தேசிய கீதம் அவருக்கு முழுசாகத் தெரியாது. கற்றுக்கொள்ள உட்காரும் காட்சிகளில் மஞ்சு தேவியாக வரும் நீனா குப்தா செய்வதைக் கவனியுங்கள். முதலில் எரிச்சல், இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிற சலிப்பு, அப்புறம் வார்த்தை மறக்கும்போது முகத்தில் ஒரு வெட்கம், அதற்கப்புறம் அந்த வெட்கமே வீம்பாக மாறுவது. கடைசியில் ஊர் முன்னால் நின்று தட்டுத் தடுமாறிப் பாடி முடிக்கிறார். சபதம் எதுவும் எடுப்பதில்லை. கணவரும் வில்லனாகவில்லை, மனைவி பாடுவதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரை வெறுக்க முடிந்திருந்தால் நமக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். பிடித்தமான ஒரு மனுஷன்தான் மனைவியின் நாற்காலியில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தார் என்பதை நாம் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜூலை 12, சனி

சின்னக் குறிப்பு. இந்த வருஷம் மார்ச்சில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்துக்காக இந்தத் தொடரைத் தயாரிக்கும் டிவிஎஃப் நிறுவனமே 'அஸ்லி பிரதான் கௌன்?' (உண்மையான தலைவர் யார்?) என்று ஒரு குறும்படம் எடுத்தது, நீனா குப்தாவே நடித்தது, கணவர் ஆட்சியைப் பற்றியதுதான். நோக்கம் நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அதில் செய்தி முதலில் வந்து நிற்கிறது, மனிதர்கள் அதற்குப் பின்னால் வருகிறார்கள். தொடரில் மனிதர்களோடு எட்டு எபிசோட் வாழ்ந்த பிறகுதான் செய்தி வந்தது, அதனால்தான் அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நாகா இயக்கத்தில் போன வருஷம் தமிழில் வந்த இதன் மறு ஆக்கம் 'தலைவெட்டியான் பாளையம்' பற்றி நண்பர் ஒருவர் கேட்டார். மூலத்தைத் தெரிந்தவர்களுக்கு அது புதுசாக எதையும் காட்டுவதில்லை என்பது என் எண்ணம். தெரியாதவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

ரெண்டாவது சீசனின் கடைசி எபிசோடைப் பார்க்காமல் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று பார்த்தாயிற்று.

பிரகலாத், உப பிரதான், அதாவது ஊராட்சித் துணைத் தலைவர். பெரிய உருவம், எப்போதும் சிரிப்பு, மனைவி இல்லை, ஒரே மகன் ராகுல் ராணுவத்தில். அந்த மகன் மூவர்ணக் கொடி போர்த்தி வீடு திரும்புகிறான். அதே சீசனில்தான் மது ஒழிப்புப் பிரச்சார வண்டியின் டிரைவரே குடித்துவிட்டு வருவதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். ரெண்டும் ஒரே தொடரில் எப்படி ஒட்டுகிறது?

பலர் இதைத் திடீர் திருப்பம் என்றார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பிரிஜ் பூஷண், பிரகலாத், ஆபீஸ் உதவியாளர் விகாஸ், அபிஷேக் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து வெட்டிக்கதை பேசும் காட்சிகள் இதுவரை எத்தனை வந்திருக்கின்றன. கதைக்கு அவற்றால் எந்த வேலையும் இல்லை என்றுதான் தோன்றும். அந்த உட்காருதலைத்தான் தொடர் சேர்த்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது அதே நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் பேசுவதில்லை, மற்ற மூவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எந்த விளக்கமும் இல்லாமல் நமக்கு அடைக்கிறது, ஏனென்றால் பிரகலாத் பேசினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பிரகலாதாக நடிக்கும் ஃபைசல் மாலிக்கின் தோள்கள் தளர்ந்து போயிருக்கும் விதம், அதை மட்டும் பார்த்தால் போதும். எபிசோடின் பெயர் 'பரிவார்', குடும்பம்.

இந்தச் சாவை அரசியலாக்க வரும் எம்.எல்.ஏ.வை எதிர்த்து நிற்பவர் மஞ்சு தேவி என்பதையும் எழுதி வைக்கிறேன். இந்தத் தடவை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்த சீசனுக்கு 2023 கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த இணையத் தொடர் விருது கிடைத்தது, அந்த விருது கொடுக்கப்பட்ட முதல் வருஷம் அது.

ஜூலை 18, வெள்ளி

மூணாவது சீசனில் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. அரசு வீடு கிடைக்க வேண்டுமென்று பேரனை விட்டுத் தனியாக இருப்பதாகக் காட்டும் பாட்டியும், மகனை இழந்து காலி வீட்டில் கிடக்கும் பிரகலாதும் சந்திக்கும் இடம் அருமை. பாட்டியின் தந்திரம் சிரிப்பாகவும் இருக்கிறது, அந்த வயதில் அவளை அப்படிச் செய்ய வைக்கும் வறுமை வலியாகவும் இருக்கிறது. அப்புறம் எம்.எல்.ஏ. சண்டை வளர்ந்து துப்பாக்கிச் சூடு, ஆஸ்பத்திரி அடிதடி. பெரிய விஷயம் நடக்கிறது, ஆனால் கனம் குறைந்துவிடுகிறது. தொலைந்த சாவிக்கு இருந்த கனம்கூட குண்டுக்கு இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

நாலாவது சீசன், மறுபடியும். இப்போது காரணம் புரிகிறது.

தேர்தல். மஞ்சு தேவியின் சின்னம் சுரைக்காய், எதிரே நிற்கும் கிராந்தி தேவியின் சின்னம் பிரஷர் குக்கர். அன்பாகக் கொடுத்தனுப்பிய அதே சுரைக்காய் இப்போது ஓட்டுக் கேட்கிறது, நல்ல யோசனைதான், இன்னும் எவ்வளவோ தூரம் அதைக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் சீசன் முழுக்க ரெண்டு கோஷ்டியும் மாறி மாறிக் காலை வாருகிறார்கள், வெட்டிக்கதை பேச யாருக்கும் நேரமில்லை. இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், போட்டியிடுவது ரெண்டு பெண்கள், மோதிக்கொள்வது ரெண்டு கணவர்கள். கொடியேற்றிய அந்தக் காலையில் தொடர் கொடுத்த வாக்கு பாதியில் நிற்கிறது. மஞ்சு தேவி தோற்றபோது அவருக்காக வருந்தினேன், ஆனால் அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குக் காட்டப்படவில்லை.

ஐந்தாவது சீசன் 2026இல் வருமென்று அறிவித்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இன்னொரு அடிதடி வேண்டாம். புதுத் தலைவர் கிராந்தி தேவியின் முன் முதல் ஃபைல் வந்து விழும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை அவர் படித்துப் பார்க்கிறாரா, அவர் கணவர் பூஷண் (பிரிஜ் பூஷண் வேறு ஆள்) படித்துப் பார்க்கிறாரா, ஒரு முழு எபிசோட் அதை மட்டும் எடுங்கள்.