ரசீதுக் கம்பி

அக்டோபர் 3, 2024, வியாழன்

புதிய இன்சுலின் பேனாவை இன்று காலையில் திறந்தோம். திறந்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அதை முடித்துவிட வேண்டும் என்பதால், ஒரு துண்டு பிளாஸ்திரியில் ‘3/10’ என்று எழுதி அதன்மேல் ஒட்டினேன். எண்ணிப் பார்த்தால், தீபாவளியன்று அது குப்பைக்குப் போகிறது. பழைய பேனாவை எப்போது திறந்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆடிப்பெருக்குக்கு மறுநாளோ என்னமோ" என்றார். ஆடிப்பெருக்கு கழிந்து சரியாக இரண்டு மாதங்கள் ஆகின்றன. இந்த நோட்டை இன்றே வாங்கினேன்.

அக்டோபர் 5, சனி

மாத்திரைகளை எல்லாம் சாப்பாட்டு மேசையில் கொட்டிப் பிரித்ததில் பிற்பகல் முழுவதும் போயிற்று. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அம்மாவோ இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டு, காபியோடு ஒரே மடக்கில் முடித்து வந்திருக்கிறார். ஏழு நாட்களுக்கு, நாளொன்றுக்கு நான்கு அறைகள் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி நிரப்பினேன். மொத்தம் 28 அறைகள். பேனாவுக்கும் 28 நாட்கள். தற்செயல்தான் என்று தெரிந்தும் எனக்கு அது பிடித்திருந்தது.

அக்டோபர் 7, திங்கள்

அம்மாவின் பரிசோதனை முடிவைச் சொல்ல ஆய்வகத்திலிருந்து அழைப்பு இல்லை.

அக்டோபர் 9, புதன்

அப்பாவின் ரசீதுக் கம்பியைச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து இறக்கினேன். அடியில் வட்டமான மரக்கட்டை, மேலே கொக்கியாக வளைந்த கூர்முனை. இடையில் ஒரு முழ உயரத்துக்குக் காகிதங்கள். எல்லாவற்றையும் உருவி எடுத்து மின்சாரம், வீட்டு வரி, எரிவாயு, மருத்துவம் என்று தனித்தனி உறைகளில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாதி உருவிய பிறகே செய்த தவறு புரிந்தது. கம்பியில் இருந்தவரை எது முந்தையது, எது பிந்தையது என்பதை யாரும் எழுதி வைக்கத் தேவையிருக்கவில்லை, ஏனெனில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. அந்த ஒழுங்கை நானே குலைத்துவிட்டு, மங்கிப்போன எழுத்துகளில் தேதிகளைத் தேடிக்கொண்டு இரவு பதினொன்றரை வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு காகிதத்தின் நடுவிலும் துருப்பிடித்த ஓட்டை. மின் கட்டண ரசீதுகளில் அப்பா யூனிட் எண்ணிக்கையைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், 480ஐ நெருங்கிய ரசீதுகளில் மட்டும் இரண்டு சுழி. இந்த வீட்டில் யாருமே எதையும் கவனிக்கவில்லை என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உறைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மறுபடியும் கம்பியிலேயே குத்தினேன். அதே ஓட்டைகளில்.

அக்டோபர் 12, சனி

நேற்று சரஸ்வதி பூஜை. நோட்டும் பூஜையில் இருந்ததால் எழுதவில்லை. மருந்துச் சீட்டுகள் அடங்கிய கோப்பையும் அம்மா எடுத்து அதன்மேல் வைத்துப் பொட்டிட்டிருக்கிறார். குங்குமம் கடைசிப் பரிசோதனைச் சீட்டில் ஒட்டிக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் பரவுகிறது.

அக்டோபர் 16, புதன்

பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு வரை மின்தடை. திறக்காத பேனாக்கள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்தது 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. குளிர்பதனப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது என்று கதவில் கயிறு கட்டிவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலத்தில் மண்பானைத் தண்ணீருக்குள் டப்பாவில் வைத்துக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள் என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள். அவளுக்கென்ன, கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சொல்வாள்.

அக்டோபர் 19, சனி

இரண்டாம் அரையாண்டு வீட்டு வரியைக் கட்டினேன். இம்மாதம் 31ஆம் தேதிக்குள் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ரசீது இன்னும் அப்பா பெயரில்தான் வருகிறது. கம்பியில் குத்தியாயிற்று.

இன்றும் அழைப்பு இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மாத்திரைப் பெட்டியில் செவ்வாய்க் காலை அறை திறக்கப்படாமலே இருந்தது. மணி பன்னிரண்டு. நான் குரலை உயர்த்தினேன், உயர்த்தியிருக்கக் கூடாது. அம்மா பதில் சொல்லாமல் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தவர், கடைசியில், "அந்தப் பெட்டி எனக்கா, உனக்காடா?" என்று கேட்டார். நான் மாடிக்குப் போய்விட்டேன். துணிக் கொடியில் கிளிப்புகளை நிறவாரியாக மாட்டிக்கொண்டிருப்பதைச் சிறிது நேரம் கழித்துத்தான் நானே கவனித்தேன்.

அக்டோபர் 23, புதன்

அறை காலி. ஆறு மணிக்கே.

அக்டோபர் 24, வியாழன்

மாலை 4.40க்கு அழைத்தார்கள். முடிவு வந்துவிட்டதாம், தொலைபேசியில் சொல்ல மாட்டார்களாம், நாளைக் காலை பத்து மணிக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார்கள். பழைய அறிக்கைகளைத் தேதி வரிசையில் அடுக்கி, மருந்துப் பட்டியலைப் புதிதாக எழுதி, ஆதார் நகல் இரண்டு, குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று, தண்ணீர்ப் பாட்டில் ஒன்று என எல்லாவற்றையும் பையில் வைத்து வாசற்கதவருகே நிறுத்தியிருக்கிறேன். கேட்க வேண்டிய ஒன்பது கேள்விகளும் எண்ணிட்டுத் தயார். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று கேட்க மட்டும் மறந்துவிட்டேன். திரும்ப அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை.