"நாங்க வேதத்துல சேரணுமா தாயி?"

சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்து, பில்லில் பாதிக்கு மேல் குறைத்தாயிற்று, மீதியைத் தவணையாகக் கட்டலாம் என்று சொன்னபோது அந்த அம்மா முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாங்க வேதத்துல சேரணுமா தாயி?" என்று கேட்டார். கிறிஸ்தவர்களாக மாற வேண்டுமா என்றுதான் அதற்கு அர்த்தம்.

"அதெல்லாம் இல்லம்மா. இது எங்க வேலை. இதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க" என்றேன்.

பேச்சு அவ்வளவுதான். ஆனால் இன்னும் அது என்னை விடவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. காலையில் வார்டில் ஜெபம் நடக்கிறது, ஏறிட்டுப் பார்க்கிற சுவரிலெல்லாம் வசனம் இருக்கிறது, அதற்கு நடுவில் ஒருவர் வந்து பணம் குறைத்துவிட்டோம் என்றால் எதற்காக என்றுதானே யாருக்கும் தோன்றும். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ரேஷன் கார்டு தனிக்குடித்தனம் போன மூத்த மகன் பெயரில் இருந்ததால் அவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இல்லை, விஏஓவிடம் வருமானச் சான்றிதழ் வாங்க அலையவும் ஆள் இல்லை. இளையவன் காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தான். நகை ஏதாவது இருக்கிறதா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு, அதை நான் அவரிடம் கேட்கவே இல்லை. தோடு கழற்றின காதில், துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்குச்சி செருகியிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்ன கேட்பது?

என் பதில் சரி என்றுதான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மகன் படுக்கையில், பில் என் கையில். அந்த நேரத்தில் நான் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் அது அவருக்கு நிபந்தனையாகத்தான் கேட்டிருக்கும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அவங்களே வாய் திறந்து கேட்டிருக்காங்க, சாட்சி சொல்ல இதைவிட நல்ல நேரம் எது? ஐடா ஸ்கடர் 1900ல் வேலூருக்கு வந்தது வெறும் மருந்து கொடுக்கவா?" என்று கேட்டார். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா இளம்பெண்ணாக இருந்தபோது, திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வலியில் துடித்த தங்கள் மனைவிகளுக்காக வந்து நின்றதும், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று போய்விட்டதும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதும் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த மூன்று வீட்டாரில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. அவர்களுக்காக அழுதுதான் ஐடா டாக்டருக்குப் படிக்கப் போனார். நான் இதை எனக்குச் சாதகமாகப் பார்க்கிறேன், அக்கா தனக்குச் சாதகமாகப் பார்க்கிறார்.

ஆனாலும் அந்தச் "சம்பளம்" என்ற வார்த்தை உறுத்துகிறது. பொய்யில்லை, சம்பளம் வாங்குகிறேன். ஆனால் குறைத்த பணம் என் பணமும் இல்லை, ஆஸ்பத்திரியின் பணமும் இல்லை. அது ஏழை நோயாளிகள் நிதி. சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகையில் ஒரு வாழைத்தாரை, ஒரு சேவலை விலைக்கு மேல் விலை கேட்டு ஏலம் எடுக்கிறார்களே, அந்த மாதிரி ஜனங்கள் கொடுத்தது. அவர்கள் யாருக்காகக் கொடுத்தார்களோ அந்தப் பெயரைச் சொல்லாமல் நான் மறைத்தேனா? லூக்கா பத்தாம் அதிகாரத்தில், கள்ளர்கள் அடித்துப் போட்டவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியனைத்தான் எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு இப்போதெல்லாம் சத்திரக்காரன்தான் கண்ணில் படுகிறான். இரண்டு பணத்தை வாங்கிக்கொண்டு, வேறு ஒருவருடைய இரக்கத்துக்குப் பணிவிடை செய்தவன். காயம்பட்டவன் கண் விழித்து "யார் கட்டினது?" என்று கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான்? யூதர்களுக்கும் சமாரியருக்கும் ஆகாது, ஒரு சமாரியன் என்று சொன்னால் அந்த யூதன் எழுந்து ஓடியிருக்கவும் கூடும்.

பலனைப் பற்றியும் எனக்குக் குழப்பம் இருந்தது. "ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன்கொடுக்கிறான், அவன் கொடுத்ததை அவர் திரும்பக் கொடுப்பார்" என்று நீதிமொழிகள் 19:17 சொல்கிறது. திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்து கொடுப்பது என்ன இரக்கம் என்று சின்ன வயதில் நினைப்பேன். அந்த அம்மாவின் கேள்விக்குப் பிறகு அதை வேறு மாதிரி வாசிக்கிறேன். கடன் கர்த்தரின் கணக்கில் ஏறிவிட்டது என்றால், வாங்கினவர் யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை. எனக்கு ஒரு நன்றிகூட அவர் தர வேண்டியதில்லை, எங்கள் கோயிலுக்கு வர வேண்டியதில்லை. திரும்பச் செய்ய வழியில்லாதவர்களை விருந்துக்குக் கூப்பிடு, உயிர்த்தெழுதலில் உனக்குப் பதில் செய்யப்படும் என்று இயேசு சொன்னதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். கொடுக்கிறவனுக்குப் பலன் உண்டு என்ற வாக்கு, வாங்குகிறவனைத்தான் முதலில் விடுதலை பண்ணுகிறது. இதை அவரிடம் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் அதுவும் பிரசங்கம்தானே?

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தவணை முழுவதையும் அவர் கட்டினார். அதோடு நிற்கவில்லை. ஒருநாள் வந்து, குறைத்த தொகையிலும் கொஞ்சம் கட்ட வேண்டும் என்று கவுன்டரில் நின்றார். அதற்கு பில் போட வழியில்லை, கம்ப்யூட்டரில் கணக்கு முடிந்துவிட்டது என்று சொன்னாலும் கேட்கவில்லை. "யார் கடனும் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஏழை நோயாளிகள் நிதிக்கு நன்கொடை என்று ரசீது போட்டுக் கொடுத்தார்கள். அதை மடித்துப் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் இருந்த ஜவுளிக்கடைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதுதான் பலன் என்கிறார் அக்கா, உன் இரக்கம் இன்னொருவரைக் கொடுக்கிறவராக மாற்றியிருக்கிறது என்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் நம்பியிருந்தால் அந்தப் பணத்தைக் கொண்டு வந்திருப்பாரா? பயந்து கட்டினாரா, மனசு வந்து கொடுத்தாரா என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை. அன்றைக்கு அவர் காதில் தோடு இருந்ததா என்று பார்க்கவும் தோன்றாமல் போயிற்று.