போனில் வைத்தியம்: நான் எதை முடிவு செய்கிறேன்

"தொட்டுப் பார்க்காம என்ன நோய்னு எப்படி டாக்டர் சொல்றீங்க?" என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் நான் நோயைச் சொல்வதே இல்லை. இவர் நாளை வரை வீட்டில் இருக்கலாமா, இன்றே நேரில் யாராவது பார்க்க வேண்டுமா, இப்போதே 108-ஐக் கூப்பிட வேண்டுமா? இதைத்தான் முடிவு செய்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒன்பது மாதக் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்று ஒரு அம்மா வீடியோவில் வந்தார். நெட் விட்டு விட்டு வந்தது. படம் நின்று நின்று ஓடினால் மூச்சை எண்ண முடியாது. "சட்டையைத் தூக்கி விடுங்கம்மா. வயிறு ஏறுற ஒவ்வொரு தடவையும் 'ம்' சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லச் சொல்ல, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 56 வந்தது. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டாலே வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் 40. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. அப்புறம் போனைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே உள்வாங்கவில்லை, பாலும் குடிக்கிறது. ஆனாலும் நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

பெரியவர்களிடம் என்னைப் பயமுறுத்தும் வார்த்தை 'கேஸ்'. பல வருடச் சர்க்கரை நோயாளி "நெஞ்சுல கேஸ் அடைச்ச மாதிரி இருக்கு, மாத்திரை எழுதுங்க" என்றால், போனை வீட்டம்மாவிடம் கொடுக்கச் சொல்வேன். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெரிய வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். "சட்டை வேர்த்து நனைஞ்சிருக்கா? பாத்ரூம் போறதுக்குள்ள மூச்சு வாங்குதா?" ஆமாம் என்றால் மாத்திரைப் பேச்சே கிடையாது, 108தான்.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகளும் இந்த முடிவை டாக்டரிடமே விடுகின்றன. போனில் பார்த்தது போதாது என்று பட்டால் நேரில் போகச் சொல்லலாம். போதை தரும் மருந்துகளை இதில் எழுதவே கூடாது. தூக்க மாத்திரை கேட்டுக் கோபப்படுகிறவர்கள் உண்டு. படட்டும்.

போனை வைக்கும் முன் "சரியாகலைன்னா வாங்க" என்று மட்டும் சொல்வதை நான் விட்டுவிட்டேன். பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் விழிக்காவிட்டால், ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள் என்று சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். வண்டி இருக்கிறதா என்றும் கேட்பேன். ஆஸ்பத்திரி தெருக்கோடியில் இருந்தால் காலை வரை பார்க்கலாம் என்று விடும் அதே காய்ச்சலை, மாலையோடு பஸ் நின்றுபோகிற ஊர் என்றால் அந்தக் கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பச் சொல்லிவிடுவேன்.