கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா, மிஸ்?

விடுமுறை முடிந்து, நான் ஆங்கிலம் கற்பிக்கும் மாலத்தீவுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் என்னிடம் முதலில் சண்டித்தனம் செய்வது நாக்குதான். வயிறு இரண்டு நாளில் சமாளித்துக்கொள்ளும். தூக்கம் மூன்றாம் நாள் வந்துவிடும். ஆனால் ஒரு மாதம் முழுக்க ஈரோடு மாவட்டத்துச் சிவகிரிப் பக்கத்து எங்கள் தோட்டத்து வீட்டில் 'ஏனுங்க', 'வாங்க', 'சொல்லுங்க' என்று புரண்டுகொண்டிருந்த நாக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழாம் வகுப்புக்கு முன்னால் நின்றதும் ஏர் பூட்டப் பழகாத காளையைப் போல முரண்டு பிடிக்கும். (அங்கே வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது, வெள்ளியும் சனியும் விடுமுறை.) இந்த முறை முதல் பாடவேளையிலேயே 'ஓப்பன் யுவர் புக்ஸுங்க' என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு பையன் மட்டும், ஏதோ புதிய இலக்கணம் போலிருக்கிறது என்று, 'புக்ஸுங்க, புக்ஸுங்க' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

இந்த 'ங்க' இல்லாமல் பேசுவது இன்றைக்கும் எனக்குக் கூச்சம்தான். ஆங்கிலத்தில் பள்ளி முதல்வருக்கும் பூனைக்குட்டிக்கும் ஒரே 'யூ'. பிள்ளைகளின் தாய்மொழியான திவெஹியிலோ மரியாதைக்கு மூன்று படிகள் உண்டு. ஆகவே ஆங்கிலத்தின் மொட்டைத்தனம் அவர்களுக்கும் எனக்கும் ஒரே இடத்தில்தான் உறுத்துகிறது. வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைப்பதிலும் திவெஹி தமிழைப் போலத்தான். அதனால் அவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, ஊராட்சிப் பள்ளியில் நான் செய்து அடி வாங்கியவை. ஓர் இடத்தில் மட்டும் அவர்கள் என்னை முந்திவிடுகிறார்கள். நாம் 'ப' சொல்லும் இடத்தில் அவர்களுக்கு 'ஃப' இயல்பாக வருகிறது. தண்ணீருக்கே அவர்கள் சொல் 'ஃபென்'. எனக்கு அந்த ஒலி கல்லூரியில் கண்ணாடி முன் நின்று பழகி வந்தது. ஊருக்குப் போய் வந்தால் அது காணாமல் போய்விடும். முதல் நாள் 'பேன்' போடச் சொன்னேன். முன்வரிசைச் சிறுமி எழுந்து, தன் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

பிள்ளைகளும் சளைத்தவர்கள் அல்லர். திவெஹியின் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போவது. விடுமுறை முழுக்க அந்தப் பக்கமாகவே எழுதிவிட்டு வந்த இரண்டு பேர், புதிய ஆங்கில நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் நாக்கும் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது.

ஊரிலிருந்து நான் கிளம்பியது ஆகஸ்ட் 12ஆம் தேதி. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறப்பது வழக்கமாக 15ஆம் தேதி. மூன்று நாள் பொறுத்தால் தண்ணீர் திறந்த சேதியாவது கேட்டுவிட்டுப் போகலாம் என்று அம்மாவுக்கு ஆதங்கம். அது என் கையில் இல்லை, விடுப்பு அவ்வளவுதான். 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடிவரும் வாய்க்கால் அது. நாங்கள் கிட்டத்தட்ட அதன் வாலில் இருக்கிறோம். பாசனம் மொத்தம் 2,07,000 ஏக்கர். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுகளுக்கு ஒரு போகம் என்று முறைவைத்துத் திறப்பார்கள். அப்பா இந்த மாதம் முழுக்க இரண்டே விஷயம்தான் பேசினார்: அணையின் நீர்மட்டம் 105 அடியில் இன்றைக்கு எத்தனை, வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா. போட்டால் கடைமடைக்குத் தண்ணீர் குறையாமல் வரும் என்பது அப்பா கட்சி. போட்டால் கசிவு நின்று கிணறுகள் வற்றிவிடும் என்பது சென்னிமலைப் பக்கம் வாக்கப்பட்ட அத்தையின் வீட்டார் கட்சி. விருந்துக்குப் போன இடத்திலும் இதே வழக்கு. அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய் ஊற்றவும் மறந்துவிட்டு வாதாடினார்கள்.

என்னிடம் எல்லோரும் கேட்டது சம்பளத்தை. ருஃபியாவில் வாங்குகிறேன், ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா என்பது அரசாங்க விலை, அந்த விலைக்கு டாலர் கிடைத்தால்தானே என்று விளக்க ஆரம்பித்தால் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். 'நல்லாயிருக்குதுங்க' என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

பெட்டி கட்டும் வேலை அம்மாவுடையது. நாட்டுச் சர்க்கரை, கொள்ளு, மஞ்சள்தூள், உடன் வேலை செய்பவர்களுக்குச் சென்னிமலைப் போர்வைகள். (எங்கள் பாடத்துக்குப் பொறுப்பாளரான லீடிங் டீச்சர் போன முறை கொடுத்த போர்வையை ஜன்னல் திரையாக்கிவிட்டார், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.) சின்ன முருகன் சிலை ஒன்றையும் அம்மா துணிக்கு நடுவில் செருகப் பார்த்தார். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோக அந்த நாட்டில் தடை. ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் செருகுகிறார். "சாமி, பெட்டிக்குள்ள யாரு பார்க்கப் போறாங்க" என்பார். எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ரயிலில் ஆலுவா, கொச்சியில் விமானம், மாலேயிலிருந்து ஸ்பீட் போட். வாய்க்கால் பாலத்தைப் பஸ் கடந்தபோது உள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

இரண்டாவது வாரம் பாடப் புத்தகத்தில் ஆறு வந்தது. மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள் இருக்கின்றன. ஓர் ஆறுகூடக் கிடையாது. மழைநீரைத் தொட்டியில் பிடிக்கிறார்கள், கடல்நீரை உப்பு நீக்கிக் குடிக்கிறார்கள். மூன்று வருடமாக இந்தப் பாடத்தைப் படத்தைக் காட்டியே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். கரை, கிளையாறு, முகத்துவாரம் என்று சொற்களைக் கரும்பலகையில் எழுதினால் பார்த்து எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் சரியாக எழுதிவிடுவார்கள். இந்த முறை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எங்கள் வாய்க்காலை வரைந்தேன். மேலே அணை, கீழே ஒரு வீடு, வாசலில் அப்பா.

தண்ணீர் மேலிருந்து கீழே போகும் என்றேன். 'புக்ஸுங்க' பையன் கை தூக்கினான்.

"வாட் டைம் டஸ் இட் கம் பேக், மிஸ்?"

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த தண்ணீர் போனால் திரும்பி வருவது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறும், இறங்கும். போய்க்கொண்டே இருக்கும் தண்ணீர் அவனுக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. வராது என்றேன். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஒரு கிலோமீட்டர்கூட நீளமில்லாத தீவில், 200 கிலோமீட்டரை விளக்கத் தீவை எத்தனை முறை சுற்றிவர வேண்டும் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். யார் திறப்பார்கள், யார் மூடுவார்கள் என்று கேட்டார்கள். லஸ்கர் என்றேன். எங்கள் ஊரில் மதகு திறக்கும் நீர்வளத்துறை ஊழியரை அப்படித்தான் சொல்வோம். ஆங்கில அகராதியில் பார்க்கலாம் என்று எடுத்தால், அங்கே லஸ்கர் என்றால் பழைய கப்பல்களில் வேலை பார்த்த இந்தியக் கடலோடி. பையனுக்கு அப்போதுதான் வாய்க்கால்மீது நம்பிக்கை வந்தது. அவன் அப்பா சரக்குக் கப்பலில் இருக்கிறார்.

15ஆம் தேதி அணையில் திறந்துவிட்டார்கள். எங்கள் கடைமடைக்கு இன்னும் வரவில்லை என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் நாற்காலியில் உட்காருவதற்குள் கேள்வி வந்துவிடும்: "ஹேஸ் த வாட்டர் கம், மிஸ்?"

இதை ஆங்கில வாத்தியார்கள் கவனிக்க வேண்டும். 'டிட் இட் கம்' இல்லை, 'ஹேஸ் இட் கம்'. 'வந்தது' என்பதற்கும் 'வந்துவிட்டது' என்பதற்கும் உள்ள அந்த வித்தியாசத்தைப் புகட்ட நான் பட்ட பாடு சொல்லி மாளாது. காலக்கோடு வரைந்திருக்கிறேன், அட்டைகள் வெட்டியிருக்கிறேன், 'ஜஸ்ட், ஆல்ரெடி, யெட்' என்று பாட்டாகவே பாடியிருக்கிறேன். பயிற்சித் தாளில் சரியாக நிரப்பிவிட்டு, வாய் திறந்தால் 'ஐ டிட் நாட் ஈட் யெட்' என்பார்கள். இப்போது யாரும் சொல்லிக்கொடுக்காமலே முப்பது பேர் கேட்டார்கள். ஐந்தாம் நாள் ஒருத்தி, "இட் ஹேஸ் நாட் ரீச்ட் யுவர் ஃபாதர் யெட்?" என்றாள். அந்த 'யெட்'டுக்காக அவளுக்கு ஒரு நாட்டுச் சர்க்கரைக் கட்டி கொடுத்தேன். பள்ளி விதிப்படி அது தவறு.

நடுவில் ஒரு நாள், மேல்பக்கம் கரை உடைந்து தண்ணீரை நிறுத்திவிட்டதாக அப்பா சொன்னார். அதையும் வகுப்பில் சொன்னேன். ஒரு பாடவேளை முழுக்க, கரை ஏன் உடைகிறது என்பதிலேயே போயிற்று. ஆய்வுக்கு வந்த லீடிங் டீச்சர் என் பாடத்திட்டக் குறிப்பேட்டில் வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வாய்மொழிப் பயிற்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மாத முடிவில் ஓர் அதிகாலை அப்பா அழைத்தார். இரவு இரண்டு மணிக்கு வந்துவிட்டதாம். டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்தாராம். நுரையும் சருகுமாக முதல் தண்ணீர், முன்னால் ஒரு தேங்காய் மட்டை உருண்டுகொண்டு வந்ததாம். அம்மா சூடம் கொளுத்தினாராம்.

வகுப்புக்குள் நுழைந்தேன். "ஹேஸ் த வாட்டர்..." என்று ஆரம்பித்தவர்களிடம், வந்துவிட்டது, இரவு இரண்டு மணிக்கு என்றேன். மேசையைத் தட்டினார்கள். அந்தப் பையன் மட்டும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து யோசித்தான். மாலத்தீவு நேரம் நமக்கு அரை மணி பின்னால்.

"ஹியர் ஒன்-தர்ட்டி, மிஸ்," என்றான். "வீ வேர் ஸ்லீப்பிங்."

அது இறந்தகாலத் தொடர்வினை. அடுத்த மாதப் பாடம்.