ஒப்பனைக் கண்ணாடியின் முன் பேசப்படும் அரசியல்

பெரும்பாலும் ஆண்கள் பெண்வேடமிட்டு நிகழ்த்தும் 'டிராக்' கலைக்கான அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியான 'ரூபால்ஸ் டிராக் ரேஸ்' போராட்ட மேடையாகிவிட்டது என்று வருந்தும் ரசிகர்கள், 2009இல் வந்த அதன் முதல் சீசனை மறந்துவிடுகிறார்கள். போட்டி ஒன்றில் வென்ற ஓங்கினா, பெற்றோரிடம்கூடச் சொல்லாதிருந்த தம் எச்.ஐ.வி. தொற்றை அன்று அழுதபடியே வெளிப்படுத்தினார்.

2020இல் நிகழ்ச்சியில் வாக்காளராகப் பதிவு செய்யச் சொல்லும் பதாகைகள் வந்தன. 2023இல் டென்னசி மாநிலம் டிராக் நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியபோது, அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்துக்கு (ஏ.சி.எல்.யூ.) நிதி திரட்டவும் இந்நிகழ்ச்சி துணைநின்றது. பார்த்து ரசித்தவரைப் பங்கேற்பவராக மாற்றும் இந்த அழைப்பை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனாலும், பதாகைகளைவிட ஆழமாகப் பார்வையாளரைத் தொடுவது, புருவத்தைப் பசையால் மறைத்து, வண்ணம் தீட்டிக்கொண்டே போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுதான் என்பது என் உறுதியான எண்ணம். 2016இல் ஆர்லாண்டோ நகரில், தற்பாலீர்ப்பாளர்கள் கூடும் 'பல்ஸ்' இரவு விடுதியில் 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றி ஒன்பதாம் சீசனில் அவர்கள் பேசியபோது, யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. வீட்டாரிடம் வாய் திறக்க முடியாத ஓர் இளைஞருக்கு அந்தச் சில நிமிடங்கள் தரும் துணையை, தயாரிப்பாளர்கள் எழுதித் தரும் எந்த முழக்கமும் தந்துவிடாது.